ஐந்து நூல்

புயல் போன பதினோராம் நாள்
எங்கள் படகு டொமினிக்காவுக்குள் நுழைந்தது.
செயின்ட் வின்சென்டிலிருந்து நான்,
கிரெனடாவிலிருந்து மேஸ்திரி கிறிஸ்பின்,
செயின்ட் லூசியாக்காரர்கள் ஆறு பேர்,
லாரி ஒன்று, ஏணி ஒன்பது,
கம்பிச் சுருள்கள், ஒரு மூட்டை உப்பு மீன்.

மலையில் ஓர் இலை இல்லை.
எங்கள் ஹெல்மெட்டுகள் மட்டும் பச்சை.

துறைமுகத்தில் சுங்க அலுவலகம் இருந்தது,
கூரை இல்லை.
ஓவிட் துலோன் இருந்தார், மேசை இருந்தது,
மேசைமேல் மழையில் ஊறிப் பருத்த படிவக்கட்டு இருந்தது.
"டிரான்ஸ்ஃபார்மர் இறக்குமதியா, இரவலா?"
உதவி, என்றார் கிறிஸ்பின்.
"உதவிக்குக் கட்டம் இல்லை."
மூன்று பிரதி எழுதினோம், பென்சிலில்.
முத்திரையைக் கடல் கொண்டுபோயிருந்தது.
அவரே வட்டம் போட்டு
உள்ளே அவர்கள் கொடியின் கிளியை வரைந்தார்,
மூன்றிலும் மூன்று விதமாக.
சிரித்துவிட்டேன்.
அவர் தூங்குவதும் அந்த மேசைக்கடியில்தான் என்று
இரவில்தான் தெரிந்தது.

கிளியை எனக்கு முன்பே தெரியும்.
எங்கள் எரிமலை வெடித்த வருஷம்
சாம்பலை இருமிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம்.
ஒரு படகு தண்ணீர் வந்தது.
பாட்டில்மேல் ஒட்டிய காகிதத்தில் அதே கிளி.
குடித்துவிட்டுக் கிழித்து எறிந்தேன்,
அப்போது யார் பார்த்தார்கள்.

அன்று மாலை வேறொரு தீவின் ஓட்டலில்
தலைவர்கள் கூடியதாகச் சொன்னார்கள்.
'ஆழ்ந்த கவலை' என்பதா, 'மிகுந்த கவலை' என்பதா என்று
நடுச்சாமம் வரை பேச்சாம்.
குறை சொல்லவில்லை.
சொல்லும் கம்பம் மாதிரிதான்,
நட்டால் நிற்க வேண்டும்.

எங்களுக்கு வேறு சிக்கல்.
எங்கள் போல்ட் ஐந்து நூல்.
இவர்கள் கம்பத்தின் துளை நாலு நூல்.

ஒரே பணம், ஒரே ராணியின் தலை,
ஒரே கிரிக்கெட் அணி, தோற்றால் ஒரே வசவு.
எத்தனை மாநாடு, எத்தனை கையெழுத்து.
இந்த ஒரு நூலை
எவரும் யோசிக்கவில்லை.

துளைத்தோம்.
ஜெனரேட்டர் டீசல் ஆஸ்பத்திரிக்குப் போனதால்
கைத்துரப்பணத்தால், கம்பம் கம்பமாக,
உள்ளங்கைத் தோல் கழன்று
மரத்தூளோடு ஒட்டும்வரை.
லூசியாக்காரர்கள் கிரியோலில் பாடினார்கள்.
எனக்குப் புரியவில்லை.
உள்ளூர்க்காரர்களுக்குப் புரிந்தது.
கெட்ட வார்த்தை ஏதோ இருந்திருக்க வேண்டும்,
கூரையில்லாத தெருவே அப்படிச் சிரித்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் ஓவிடின் தெரு.
சுவர் மட்டும் நின்ற வீட்டில்
பிளாஸ்டிக் பைக்குள் காப்பாற்றி வைத்திருந்த ரேடியோவை
அவர் செருகிவிட்டுக் காத்திருந்தார்.
நான் கம்பத்தின் உச்சியில்.
கீழே சுவிட்சைப் போட்டார்கள்.
பல்புக்கு முன்னால் ரேடியோ விழித்தது:
"...ஆழ்ந்த கவலையுடன், அண்டை நாடுகள்
தோளோடு தோள் நின்று..."
ஆக, 'ஆழ்ந்த' ஜெயித்திருக்கிறது.
கிறிஸ்பின் கத்தினார்:
"தோள் இருக்கட்டும், குறடைப் போடு!"

செய்தி முடியவில்லை.
கிழக்கே கடலில் புதிய காற்றழுத்தம்.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
வைத்தால் அது போகும் வழியில்
என் வீடு இருக்கிறது.

விடிவதற்குள் ஏணிகளைக் கட்டினோம்.
ஓவிட் படிவத்தோடு வந்தார்.
"ஒன்பது வந்தது. எட்டுதான் போகிறது."
ஒன்று உங்கள் ஆஸ்பத்திரிக் கூரைமேல், என்றேன்.
அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.
அப்புறம் தாளைத் திருப்பி
பென்சில் முனையை நாக்கில் தொட்டு,
"உங்கள் ஊர்க் கம்பத்தில் துளை எத்தனை நூல்?"

ஐந்து.

எழுதிக்கொண்டார்.
எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.
கிளிக்கு நேரமில்லை,
படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.